பாய்ஸ் கம்பெனி தந்த திரை நாயகர்: பி.யு.சின்னப்பாவின் நடிப்பு

(திருவரங்குளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம். பேச்சின் போக்கில் வந்த கிளைச் செய்திகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



இந்த ஊரில் நின்று பி.யு.சின்னப்பாவைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதியும் ஒரு சங்கடமும் இருக்கின்றன. ராஜபார்ட் என்றால் என்ன, ஸ்திரீபார்ட் என்றால் என்ன, பபூன் எப்போது மேடைக்கு வருவார், பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத்தை எங்கே வைத்துக்கொண்டு உட்காருவார் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் வைக்கிற வட்டாரம் இது. அது என் வசதி. சங்கடம் என்னவென்றால், சின்னப்பாவைப் பற்றி இங்கே எல்லோரிடமும் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. சம்பாதித்த பணத்திலெல்லாம் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கினார். இனி ஒரு வீடும் இவருக்கு விற்கக்கூடாது என்று மகாராஜாவே தடை போட்டார். சொல்கிறவருக்குத் தக்கபடி வீடுகளின் எண்ணிக்கை ஏறும், இறங்கும். சுவையான கதைதான். ஆனால் சொந்த ஊரிலேயே ஒரு நடிகரின் நினைவு அவர் வாங்கிய வீடுகளாகச் சுருங்கிப் போயிருக்கிறது. வெளியூரிலோ இன்னொரு சுருக்கம்: தியாகராஜ பாகவதருக்குப் போட்டியாக இருந்தவர், அவருக்கு அடுத்த பாடகர். இந்த இரண்டு சுருக்கங்களும் அவருடைய நடிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நான் முன்வைக்க விரும்புவது ஒரே ஒரு கருத்து. பாகவதரும் சின்னப்பாவும் ஒரே பந்தயத்தில் ஓடிய இருவர் என்று பார்ப்பதால்தான் சின்னப்பா இரண்டாம் இடத்துக்குப் போகிறார். அவர்கள் வந்தது இரு வேறு நாடக முறைகளிலிருந்து. சின்னப்பா பாய்ஸ் கம்பெனி என்ற பயிற்சிக் கூடம் தமிழ்த் திரைக்குத் தந்த முதல் பெரும் நாயகர். அவருக்குப் பின் கால் நூற்றாண்டு தமிழ்த் திரையை ஆண்ட எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அதே கூடத்துப் பிள்ளைகள். ஆகவே தமிழ்த் திரை நடிப்பின் வம்சாவளியை எழுதுகிறவர்கள், பாகவதர் யுகம் முடிந்து புதிய யுகம் பிறந்தது என்று எழுதுவதை விட்டுவிட்டு, நடுவில் நின்று வழியைத் திருப்பிய சின்னப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

1

முதலில் வாழ்க்கைக் குறிப்பு, சுருக்கமாகவே சொல்கிறேன். சின்னப்பா 1916 மே 5 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை நாடக நடிகர். பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. சிறுவயதிலேயே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய சபை அது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே முன்னணியில் இருந்தார்கள். சின்னப்பாவுக்குச் சில்லறை வேடங்களே கிடைத்தன. பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தவர், பாட்டும் நடிப்பும் தெரியவந்தபின் 75 ரூபாய் வாங்கும் ராஜபார்ட் ஆனார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. எம்.ஜி.ராமச்சந்திரன் அந்தக் கம்பெனியில் இருந்தார். நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் காளி என்.ரத்தினம் இருந்தார். சின்னப்பாவின் முதல் படம் 1936-இல் வந்த சந்திரகாந்தா. கடைசிப் படமான சுதர்சன், அவர் 1951 செப்டம்பர் 23 அன்று தம் 35-ஆம் வயதில் இறந்த பிறகு வெளிவந்தது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் சுமார் 25 படங்கள்.

2

இனி என் வாதத்தின் அடித்தளத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் தமிழ் நாடகம் இரண்டு வகையாக நடந்தது. ஒன்று ஸ்பெஷல் நாடகம். நீங்கள் கோயில் திடலில் இன்றும் பார்ப்பது அதுதான். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, பபூன் இன்னோர் ஊரிலிருந்து. அன்று மாலைதான் சந்திப்பார்கள், ஒத்திகை கிடையாது. நாடகத்தின் அமைப்பு எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் சேர்ந்து நடத்திவிட முடியும். அதன் உயிர் போட்டியில் இருக்கிறது. ஒருவர் ஒரு ராகத்தைத் தூக்கிப் பாடினால் மற்றவர் அதைவிட ஒரு படி மேலே போக வேண்டும்; தர்க்கம் வந்தால் விடாமல் மடக்க வேண்டும். இது தனிமனிதத் திறமையின் மேடை. எஸ்.ஜி.கிட்டப்பா இந்த மேடையின் உச்சம். பாகவதரும் இந்த மேடையில் வளர்ந்தவரே. திருச்சியில் எஃப்.ஜி.நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபாவில் சிறுவனாக லோகிதாசன் வேடம் போட்டு, முறையாகச் சங்கீதம் கற்று, ஸ்பெஷல் நாடகங்களில் பவளக்கொடி போன்றவற்றைப் பாடிப் புகழ்பெற்று, 1934-இல் அதே பவளக்கொடி வழியாகத் திரைக்கு வந்தார்.

மற்றொன்று பாய்ஸ் கம்பெனி. இங்கே நிலைமை நேர்மாறு. பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டு, வாத்தியாரின் பிரம்புக்குக் கீழே பாடம் படித்தார்கள். பாடம் என்றால் தன் வேடத்துக்கு உரிய பாடம் மட்டும் இல்லை. இன்று சேடியாக வருகிறவன் நாளை ராஜகுமாரன் காய்ச்சலில் படுத்தால் அந்த இடத்தில் நிற்க வேண்டும். ஆகவே ஒரு நாடகத்தின் பல பாத்திரங்களை ஒரே பையன் கற்று வைத்திருந்தான். குரல் மெல்லியதாக இருக்கும்வரை பெண்வேடம், கொஞ்சம் வளர்ந்தால் இளவரசன், தேவைப்பட்டால் கிழவன். கூடவே கத்திச் சண்டை, குட்டிக்கரணம், ஆட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே நிற்பவன் எந்தச் சொல்லில் நிறுத்துவான், தான் எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும் என்கிற கணக்கு. அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்த அந்த முறையில் கொடுமை இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான அவ்வை சண்முகம் தம் நாடக வாழ்க்கை நினைவுகளை எழுதியிருக்கிறார். படித்தால் அந்தச் சிறுவர்களின் நாள் எப்படி விடிந்து எப்படி அடைந்தது என்று தெரியும். கொடுமையோடு சேர்ந்து அந்த முறை ஒரு திறனைத் தந்தது. ஸ்பெஷல் நாடகம் ஒரு ராஜபார்ட்டைத் தானாகவே இருக்கச் சொல்லும்: கிட்டப்பா எந்த வேடத்தில் வந்தாலும் கிட்டப்பாதான், ஜனங்கள் கேட்க வந்தது அவருடைய சாரீரத்தை. பாய்ஸ் கம்பெனி ஒரு பையனை வேறு ஆளாக மாறச் சொல்லும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் சின்னப்பாவின் திரை வாழ்க்கையில் புதிராகத் தெரிகிற பல தேர்வுகளுக்கு விளக்கம் கிடைக்கிறது.

3

பாய்ஸ் கம்பெனிப் பையனுக்கு ஒரு சோதனைக் காலம் உண்டு. மகரக்கட்டு என்று நாடகக்காரர்கள் சொல்லும் அந்தக் குரல் உடையும் பருவம். நேற்றுவரை நாடகத்தைத் தாங்கியவன் இன்று கம்பெனிக்குச் சுமை ஆகிவிடுவான். பல பையன்களின் நாடக வாழ்க்கை அங்கேயே முடிந்தது. சின்னப்பாவும் அந்தக் கட்டத்தில் கம்பெனியை விட்டு விலகிப் புதுக்கோட்டைக்குத் திரும்பினார். இங்கே அவர் செய்தது கவனிக்கத்தக்கது. பாட்டைக் கைவிடாமல் புதிதாகச் சாதகம் செய்து மீட்டார்; கூடவே தேகப்பயிற்சி, சிலம்பம், பளு தூக்குதல் ஆகியவற்றில் இறங்கினார். குரல் கைவிட்டாலும் உடம்பு கைவிடாது என்ற முன்யோசனை அது என்று நான் வாசிக்கிறேன். அவர் மனத்தில் என்ன இருந்ததோ, விளைவு அதுதான்: திரைக்கு வந்தபோது அவரிடம் இரண்டு முதல்கள் இருந்தன.

தற்செயலாக அமைந்த ஒரு பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். சந்திரகாந்தாவை இயக்கிய பி.கே.ராஜா சாண்டோவும் புதுக்கோட்டைக்காரர். உடல்வலிமைக் காட்சிகளால் பேர் பெற்று, பம்பாயின் ஊமைப்படங்களில் நாயகனாக இருந்து, பிறகு இயக்குநரானவர். ஜே.ஆர்.ரங்கராஜுவின் நாவலை ஜூபிடர் பிக்சர்ஸ் படமாக்கியபோது, சுண்டூர் இளவரசன் வேடத்துக்கு இந்த இளைஞர் பொருந்துவார் என்று தேர்ந்தது வியப்பில்லை. அன்றைய தமிழ்ப் படங்களில் நாயகன் பெரும்பாலும் நின்ற இடத்தில் நின்று பாடினான். ஒலிவாங்கியின் எல்லைக்குள் இருக்க வேண்டிய தொழில்நுட்பக் கட்டாயம் பாதி. பாட்டே போதும் என்ற நம்பிக்கை மீதி. ஓடி, ஏறி, வாள் சுழற்றக்கூடிய நாயகன் வந்தபின்தான் ராஜா ராணிக் கதைகள் திரையில் அசையத் தொடங்கின. ஆனாலும் உடனே வெற்றி வரவில்லை. ராஜமோகன், அநாதைப் பெண், யயாதி, பஞ்சாப் கேசரி, மாத்ருபூமி என்று 1939 வரை வந்த படங்களில் அவருக்கென்று ஓர் இடம் உருவாகவில்லை. அந்தப் படங்களில் பெரும்பாலானவை இன்று பார்க்கக் கிடைப்பதும் இல்லை.

4

திருப்பம் 1940-இல் சேலத்திலிருந்து வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம், அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடி மனிதன் கதையைத் தழுவி உத்தமபுத்திரன் எடுத்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் ஹாலிவுட்டில் ஜேம்ஸ் வேல் அதே கதையைப் படமாக்கியிருந்தார். அரண்மனையில் வளர்ந்து கெட்டுப்போன அரசன் ஒருவன், வெளியே வளர்ந்த நல்லவன் ஒருவன், இருவரும் இரட்டையர். இரண்டும் சின்னப்பா. தமிழில் நாயகன் இரட்டை வேடம் பூண்டு வந்த முதல் படமாக இதைத்தான் சொல்கிறார்கள். சுந்தரத்துக்கு நடிகர்களைத் தேர்வதில் ஒரு வியாபாரியின் கண் இருந்தது. அப்போது பேர் எடுக்காத ஒருவரிடம் படம் முழுவதையும் ஒப்படைத்தார் என்றால், அந்த ஆளிடம் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் கணித்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இரட்டை வேடம் கேமரா வித்தை. பெருமை ஒளிப்பதிவாளருக்குப் போக வேண்டியது. மாடர்ன் தியேட்டர்ஸில் ஜெர்மானிய ஒளிப்பதிவாளர்கள் வேலை பார்த்த காலம் அது. நடிகருக்கு இதில் என்ன? மறுப்பில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க, அந்த வித்தை எப்படி நடந்தது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். லென்ஸின் ஒரு பாதியை மறைத்துவிட்டு, திறந்திருக்கும் பாதியில் நடிகரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து, மறைப்பை அடுத்த பாதிக்கு மாற்றுவார்கள். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு விழும். உடுப்பையும் தலைமுடியையும் மாற்றிக்கொண்டு வந்த அதே நடிகர் இப்போது எதிர்ப்பக்கம் நின்று, ஏற்கெனவே எடுத்து முடித்த தன்னையே பார்த்துப் பேச வேண்டும். எதிரே யாரும் இல்லை. முதல் முறை நடித்தபோது பதிலுக்காக எத்தனை நொடி காத்தோம், எந்த உயரத்தில் பார்வையை வைத்தோம், எந்தச் சொல்லில் சிரித்தோம் என்பதெல்லாம் உடம்பில் பதிந்திருக்க வேண்டும். எடுத்ததை உடனே பார்த்துச் சரிசெய்யும் வசதியும் அன்று இல்லை. எதிராளியின் பாடத்தையும் சேர்த்துப் படித்து, அவன் நிறுத்தும் இடத்தை எண்ணிப் பழகிய பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைக்கு இது புதிய வேலை இல்லை. கேமரா இரண்டு உருவங்களைத் தரும். அவற்றை இரண்டு ஆட்களாக்குவது நடிகர். உருவம் மட்டும் போதும் என்றால், இரட்டை வேடத்தை அன்று எந்த நாயகனுக்கும் கொடுத்திருக்கலாம். தயாரிப்பாளர்கள் திரும்பத் திரும்ப சின்னப்பாவிடமே போனார்கள். 1949-இல் மங்கையர்க்கரசியில் அது மூன்று வேடங்களாகவே ஆயிற்று.

இந்தப் போக்கின் உச்சம் 1944-இல் வந்த ஜகதலப்பிரதாபன். பட்சிராஜா நிறுவனத்துக்காக ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த படம். அதில் ஒரு கச்சேரிக் காட்சி. மேடையில் ஐந்து பேர். பாடுகிறவர் சின்னப்பா, பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் சின்னப்பா, கொன்னக்கோல் சொல்கிறவரும் சின்னப்பா. மாயக் கதையில் இது ஒரு வேடிக்கை என்று கடந்துபோகலாம். நின்று பார்த்தால், ஒவ்வொருவரும் உட்கார்ந்திருக்கும் விதமே வேறு. பாடுகிறவருக்கு மேடையின் சொந்தக்காரர் என்ற நிதானம். பக்கவாத்தியக்காரர்களுக்கு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கை. கொன்னக்கோல்காரருக்குத் தன் முறை வந்தபோது கிடைக்கும் உற்சாகம். ஒரு கச்சேரியின் உள்ளே இருக்கும் உறவுமுறையை ஒரே ஆள் நடித்துக் காட்டுகிறார். மான்பூண்டியா பிள்ளையும் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் வாழ்ந்து லயத்துக்கென்றே பேர் வாங்கிய ஊர் புதுக்கோட்டை. அங்கே வளர்ந்தவருக்குப் பக்கவாத்தியக்காரரின் முகபாவம் தெரியாமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

5

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. அவரும் பாட்டால்தானே வாழ்ந்தார்? ஆர்யமாலா, கண்ணகி ஆகிய படங்களை ஜனங்கள் பாட்டுக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றது. பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று ரசிகர்கள் பிரிந்ததும் யார் பாட்டு உயர்ந்தது என்ற சண்டையில்தான். இதையெல்லாம் மறுக்க முடியாது. மறுக்கவும் நான் வரவில்லை. அந்தக் காலத்தில் பாடத் தெரியாத நாயகனுக்கு வாசற்படியே கிடையாது. என் வாதம் அவர் பாடவில்லை என்பதன்று. பாட்டு அவருடைய ஆயுதங்களில் ஒன்றாக இருந்தது என்பதே. பாகவதர் படத்திலிருந்து பாட்டை உருவி எடுத்துத் தனியே கேட்டாலும் அதன் பெருமை குறையாது, ஒருவகையில் கூடும். சின்னப்பாவின் பாட்டு பாத்திரத்தின் பேச்சோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. 1949-இல் வந்த கிருஷ்ணபக்தியில் பக்தர் என்று பேரெடுத்த ஒருவர் நாட்டியக்காரியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். அந்தப் பாத்திரம் காலட்சேபம் செய்யும்போது பாட்டும் வசனமும் கண்சாடையும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாது. கேட்கும் சபைக்குப் பக்தி; பார்க்கும் நமக்குக் கள்ளம். ஒலித்தட்டில் இதில் பாதிகூடத் தேறாது.

மராத்தியில் நடந்ததை இங்கே ஒப்பிடலாம். மேடையில் பெண்வேடப் பாட்டால் ஒரு மாநிலத்தையே கட்டிப்போட்ட பாலகந்தர்வா, 1935-இல் பிரபாத் நிறுவனத்தின் தர்மாத்மாவில் ஏகநாதராக நடித்தார். குரல் அதே குரல், திரையில் எடுபடவில்லை, மேடைக்கே திரும்பிப் போனார். மேடைப் பாட்டின் பெருமை திரைக்குத் தானாக ஏறிவந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

வசனத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்ணகிக்கு இளங்கோவன் எழுதிய வசனம் திரைத்தமிழைப் புராணக் கொச்சையிலிருந்து மீட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அதே இளங்கோவன் 1937-இல் பாகவதரின் அம்பிகாபதிக்கும், 1941-இல் அவருடைய அசோக்குமாருக்கும் எழுதியவர். ஆகவே நல்ல வசனம் சின்னப்பாவோடு வந்தது என்று சொன்னால் காலக்கணக்கு உதைக்கும். மேலும் கண்ணகியில் வசனத்தின் வெற்றியில் பெரும்பங்கு கண்ணகியாக நடித்த கண்ணாம்பாவுடையது; பாண்டியன் அவையில் அவர் நின்று பேசியதைத்தான் ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். கோவலன் பாதியிலேயே வெட்டுண்டு போகிறவன். மனைவிக்கு முன் குனிந்து நிற்க வேண்டியவன். ஜனங்களின் அபிமான நாயகர் அந்த வேடத்தைக் குறைத்துக்காட்டாமல் செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1944-இல் மகாமாயாவில் இன்னும் ஒரு படி போனார்: பிறன் மனைவியை விரும்பி அழியும் அரசன். படம் ஓடவில்லை. ஓடாது என்று ஊகிப்பதற்கு அதிக அறிவு தேவைப்பட்டிருக்காது. தன் உருவத்தை மட்டும் காப்பாற்ற நினைக்கிற நட்சத்திரம் அதை ஏற்றிருக்கமாட்டார். கம்பெனியில் கொடுத்த வேடத்தைப் போட்டுப் பழகியவர் ஏற்றார்.

மூன்றாவது மறுப்பைக் கேட்காத கூட்டமே இல்லை. பாகவதர் சிறைக்குப் போனார். காலி இடத்தில் சின்னப்பா உட்கார்ந்தார். இதற்கு ஆண்டுகளே பதில் சொல்லிவிடுகின்றன. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை 1944 நவம்பரில் நடந்தது, அந்த வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் டிசம்பரில் கைதானார்கள், 1947-இல் விடுதலையானார்கள். உத்தமபுத்திரன் 1940, ஆர்யமாலா 1941, கண்ணகி, மனோன்மணி, பிருதிவிராஜன் மூன்றும் 1942, ஜகதலப்பிரதாபன் 1944. சின்னப்பாவின் உச்சப் படங்கள் அத்தனையும் பாகவதர் வெளியே இருந்தபோது, அவருடைய அசோக்குமாரும் சிவகவியும் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வந்தவை. பாகவதர் உள்ளே இருந்த காலத்தில் சின்னப்பாவுக்கு வந்தவை அர்த்தநாரி, விகடயோகி, பங்கஜவல்லி போன்ற சில. அவருடைய சிறந்த படங்களில் இவற்றை யாரும் எண்ணுவதில்லை. போட்டியாளர் இல்லாதபோது அவர் உயரவில்லை. சற்றுத் தாழ்ந்தார் என்றுகூடச் சொல்லலாம். போர்க்காலத்தில் கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளம் 11,000 அடிக்குள் இருக்க வேண்டும் என்று அரசு கட்டுப்படுத்தியதும், படங்களின் எண்ணிக்கையே குறைந்ததும் இதற்கு ஒரு காரணம். எப்படியானாலும் சிறைக்கதையால் சின்னப்பாவை விளக்க முடியாது.

6

இனி வாரிசுகள். ஜூபிடர் பிக்சர்ஸுக்காக ஏ.எஸ்.ஏ.சாமி ராஜகுமாரி என்ற கதையை எழுதினார். தயாரிப்பாளர் சோமசுந்தரத்தின் எண்ணம் சின்னப்பாவையும் டி.ஆர்.ராஜகுமாரியையும் போட வேண்டும் என்பது. சாமி புதியவர்களை வைத்து எடுக்க விரும்பி எம்.ஜி.ராமச்சந்திரனைக் கேட்டார். 1947-இல் வந்த அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகன் ஆனார். அந்த முதல் நாயக வேடம் சின்னப்பாவின் அளவுக்குத் தைக்கப்பட்ட சட்டை என்பதை நினைவில் வையுங்கள். ஒரே கம்பெனியில் வளர்ந்தவர் என்பதால் மாற்றம் செய்யாமலே பொருந்தியது. அதற்குப் பிறகும் 1949-இல் ரத்னகுமாரில் சின்னப்பா நாயகனாக இருக்க, எம்.ஜி.ஆர். சிறு வேடத்தில் வந்தார். வாளும் உடற்பயிற்சியும் நியாயத்துக்குப் போராடும் இளவரசனும் என்று பிறகு எம்.ஜி.ஆரின் முத்திரையான எல்லாவற்றுக்கும் சின்னப்பாவின் படங்களில் முன்மாதிரி உண்டு.

சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைதான். பராசக்தி 1952 அக்டோபரில் வந்தது. சின்னப்பா இறந்து பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. 1958-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உத்தமபுத்திரன் மீண்டும் படமாகிறது, இரட்டை வேடத்தில் சிவாஜி. அதே ஆண்டில் எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கி நாடோடி மன்னன் எடுக்கிறார், அவருக்கும் இரட்டை வேடம். தங்கள் முழுத் திறனையும் ஊருக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தபோது இருவரும் போய் நின்ற இடம் 1940-இல் சின்னப்பா நின்ற இடம். 1965-இல் ஏ.பி.நாகராஜனின் திருவிளையாடலில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் சிவாஜியே பல உருவங்களாக அமர்ந்திருக்கும் காட்சி ஜகதலப்பிரதாபனை அப்படியே நினைவூட்டுகிறது. நாகராஜனும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். எங்கிருந்து எடுக்கிறோம் என்று அறிந்தே எடுத்திருப்பார். ஒரு வேறுபாடு உண்டு. என் வாதத்துக்கு அதுவே வலுச் சேர்க்கிறது. 1944-இல் குரலும் சின்னப்பாவுடையது. 1965-இல் குரல் டி.எம்.சௌந்தரராஜனுடையது. இருபது ஆண்டுகளில் பின்னணிப் பாடல் முறை நாயகனிடமிருந்து பாட்டைப் பிரித்தெடுத்துவிட்டது. பாட்டு மட்டுமே சொத்தாக இருந்திருந்தால் அந்தக் காட்சி தன் முதல் நடிகரோடு இறந்திருக்கும். பாட்டு போன பிறகும் காட்சி நின்றது. நின்ற அந்த மிச்சம்தான் சின்னப்பா திரைக்குக் கொண்டுவந்த நடிப்பு.

அவர் இன்னும் இருபது ஆண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விளையாட்டில் எனக்கு விருப்பமில்லை. கடைசி ஆண்டுகளின் படங்கள் எல்லாம் ஒரே தரத்தவை என்றும் சொல்லமாட்டேன். வனசுந்தரியைப் பார்க்கிறவர்களுக்கு உத்தமபுத்திரனின் வேகத்தைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் தமிழ்த் திரை வரலாற்று நூல்கள் அவருக்கு ஒதுக்கும் இடம், பாகவதரைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசிப் பத்தி. அது தவறான இடம்.

திருவரங்குளத்தாரிடமும் சுற்றுவட்டாரத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். பாய்ஸ் கம்பெனிகள் இந்தப் பக்கத்து ஊர்களில் முகாம் போட்டு நடத்திய நாடகங்களின் நோட்டீஸ்களும், சின்னப்பா படங்களின் பாட்டுப் புத்தகங்களும், ஆர்மோனியக்காரர்கள் கைப்பட எழுதிய பாட்டு நோட்டுகளும் பல வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கும். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் அவற்றைப் புதுக்கோட்டை ஞானாலயா ஆய்வு நூலகத்திலோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ சேர்த்துவிடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் ஒரு படமாவது எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.